உடைசல் பதிவேடு

"வணக்கம் டீச்சர்" என்று
நாற்பத்தொரு தொண்டை ஒன்றாய்த் திறக்கும்.
பதினாறு வருடக் காது இது,
அன்று நாற்பதைத்தான் கேட்டது.

வருகைப் பதிவில் குறையில்லை.
நிலவரசன் எழுந்துதான் நின்றான்.
உதடுகூட அசைந்தது.
குரலை மட்டும்
சிங்காரத்தோப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

அதற்கு முந்தின வாரம்,
பன்னிரண்டு 'ஆ', டைட்ரேஷன் வகுப்பு.
அறுநூறு ரூபாய் பியூரெட்
மேசைக்கடியில் சில்லு சில்லாய்.
சுற்றிலும் தண்ணீர்.
அருகே முழங்கால்வரை நனைந்த
ஒரு கால்சட்டை.

"நீதானே" என்றேன்.
கேள்விக்குறி வைக்காமல்.

உப்பைக் கையில் தந்து
நிறம் பார், முகர்ந்து பார்,
அமிலம் விட்டுப் பார்,
உறுதிச் சோதனை முடியுமுன்
பெயர் எழுதாதே என்று
வருடா வருடம் தொண்டை வறளச் சொல்பவள்
அவன் பெயரை எழுதினேன்
உடைசல் பதிவேட்டில்,
சிவப்பு மையில்,
எந்தச் சோதனையும் இல்லாமல்.

மறுநாள் ஆறு தாள் நீட்டினான்.
ஈரம் உலராத நூறுகள்.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.

பிறகு வந்தது பாருங்கள் ஓர் ஒழுக்கம்!
வராந்தாவில் நின்ற தலைமையாசிரியர்
"என்ன அமைதி, அமலோற்பவம்!" என்று மெச்சிப் போனார்.
நோட்டுகள் நேரத்துக்கு வந்தன.
கோடு போட்ட மார்ஜின்கள்.
சந்தேகம் மட்டும் ஒருவருக்கும் இல்லை.

தெற்குக் காற்று திரும்பி
சிப்காட் நாற்றம் உள்ளே நுழைந்தால்
சல்பைடா மெர்காப்டனா என்று
பந்தயம் கட்டுகிற பிள்ளைகள்.
என்னைத்தான் நடுவராய்க் கூப்பிடுவார்கள்.
அந்தப் புதன்கிழமை நாற்றம் வந்தது.
ஒருவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.
உட்கார்ந்தான்.
அவ்வளவுதான்.

குடுவை கழுவியபடி
லேப் உதவியாளர் ஞானப்பிரகாசம் சொன்னார்:
"அவன் விடியக்காலை மூணு மணிக்கு
துறைமுகத்துல ஐஸ் பெட்டி ஏத்துறவன் டீச்சர்.
தெனமும் நனைஞ்சுதான் வருவான்.
ஒடைச்சது மொத பெஞ்சு பிரகதி.
ஒங்களுக்குத் தெரியும்னுல்ல
நெனச்சோம் எல்லாரும்."

தெரியும் என்று நினைத்தார்களாம்.
தெரிந்தே செய்தேன் என்று.
நாற்பத்தொரு பேரும்
அப்படித்தான் என்னை வாசித்திருக்கிறார்கள்,
எழுந்து நின்று வணங்கிக்கொண்டே.

வெள்ளிக்கிழமை வகுப்பில்
பதிவேட்டை விரித்தேன்.
அவன் பெயர்மேல் கோடு இழுத்து
'தவறான பதிவு' என்று எழுதி
கையெழுத்திட்டேன்.
பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
"தப்பு என்மேல்தான் நிலவரசா,
கேட்டிருக்கணும்" என்றேன்.
பியூரெட் காசை நானே கட்டிவிடலாம்,
இத்தோடு முடிந்தது என்று
மூடப் போனேன்.

"அப்ப அந்த எடத்துல
யார் பேரு டீச்சர்?"

ஒன்பது நாளில் அவன் பேசிய
முதல் வாக்கியம்.

தலைக்கு மேலே சுழன்றது
பிரகதியின் அப்பா
லேபுக்கு வாங்கித் தந்த மின்விசிறி.
அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள்
என்னென்னவோ யோசித்தேன்,
வெட்கமாய் இருக்கிறது சொல்ல.

அவளே எழுந்து நின்றாள்.
அழுதாளா என்று நான் பார்க்கவில்லை,
குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.
அவன் மேசைவரை வந்து
எழுத்துப் பிழை தேடுகிறவன்போல்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை.
நாற்பது குரல் எழுந்து அடங்கிய பின்
கடைசி பெஞ்சிலிருந்து
அரை மூச்சுத் தாமதமாய்
ஒரு "வணக்கம்" வந்தது.

"டீச்சர்" இன்னும் வரவில்லை.

சாக்பீஸை எடுத்தேன்.
அவசரமில்லை,
செய்முறைத் தேர்வு
பிப்ரவரியில்தான்.